முன்பல் அடைப்பும் அதன் நிறமும்

முன்பல் அடைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களுள் சிலர் மறுநாள் காலையிலேயே எங்களிடம் வந்துவிடுகின்றனர். அடைத்த இடம் மட்டும் மங்கித் தெரிகிறது, எடுத்துவிட்டு வேறு வையுங்கள் என்பது அவர்களது முறையீடு. நாங்களோ ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்கிறோம். இது அலட்சியம் அன்று.

அடைக்கும்போது எச்சில் படாதவாறு பஞ்சு வைத்துக் காற்றடித்துப் பல்லை உலர்த்துகிறோம். ஈரம் வற்றிய பல் இயல்பினும் வெளுத்துக் காணும். அடைப்புப் பொருளோ ஈரமான பல்லின் நிறத்திற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது. எச்சிலின் ஈரத்தைப் பல் மீண்டும் ஏற்றுக்கொண்டதும், ஓரிரு நாட்களில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துவிடும். அவசரப்பட்டுப் பெயர்த்தால் இழப்பு பல்லுக்கே. நிறம் ஒத்திருப்பதால் அடைப்பு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம்; ஒவ்வொரு முறையும் நல்ல எனாமலும் சிறிது சேர்ந்து போய்விடும்.

ஈறோரத் தேய்மானத்திற்கும் சிறு குழிகளுக்கும் நாங்கள் மிகுதியும் பயன்படுத்துவது ‘ஃப்ளோவபிள் காம்போசிட்’. பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்த இப்பொருள் 1990களின் நடுவில் புழக்கத்திற்கு வந்தது. துகள் குறைவாதலால் தேன்போல் ஊசிவழி ஒழுகிச் சந்துகளில் நிறையும். நீல ஒளி பட்டால் சில நொடிகளில் இறுகும். துகள் குறைந்ததனாலேயே விரைவில் தேயும். ஆகவே கடைவாய்ப்பல்லின் பெரிய குழியை இதனைக் கொண்டு மட்டும் நிரப்புவதில்லை.

நிறம் பார்க்க 16 மாதிரிப் பற்கள் கொண்ட ‘ஷேட் கைடு’ உண்டு. ஏ, பி, சி, டி என நான்கு வரிசைகள். ஒரே பல்லிலும் ஈறோரம் கருமை கூடியும் நுனி வெளிறியும் இருக்கும். பல்லை உலர்த்துவதற்கு முன்பே, ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் உற்றுப் பாராமல் ஒப்பிடுகிறோம்; நேரம் கூடினால் கண் களைத்து ஏமாற்றும். ஐயம் இருப்பின் ஒரு துளியைப் பல்லின்மேல் ஒட்டாமல் வைத்து இறுகச் செய்து பார்க்கிறோம். இறுகியபின் நிறம் சற்று மாறுவதுண்டு. உடன் வந்த மகளின் கண் எங்கள் கண்ணைவிடச் சரியாகச் சொன்னதும் உண்டு. ஆகவே வீட்டார் ஒருவர் அருகில் இருப்பது நன்று.

இதற்கெல்லாம் பகல் வெளிச்சம் வேண்டும். டியூப்லைட்டின் கீழ் ஒத்துத் தெரிந்த நிறம் வெயிலில் வேறாகத் தெரியலாம். விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்திற்கு மலையேறி, இருட்டியபின் போடிக்கும் கம்பத்திற்கும் திரும்புவோரின் இடர்ப்பாட்டை நாங்கள் அறிவோம். வலி என்றால் மாலையிலேயே வாருங்கள். முன்பல் அடைப்பை மட்டும் விடுமுறை நாளின் முற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். உதட்டுச்சாயம் வேண்டாம். வெற்றிலைக் கறை இருப்பின் முதலில் பல்லைச் சுத்தம் செய்து, பிறகே நிறம் பார்ப்போம். பல்லை வெளுக்கச் செய்யும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே கூறுங்கள். வெளுத்து இரண்டு வாரம் கழித்தே அடைக்க வேண்டும். அடைப்பின் நிறம் வெளுக்காது.

ஒரு வாரத்திற்குப் பின்னும் நிறம் ஒவ்வாதிருந்தாலோ, விளிம்பில் கருங்கோடு தோன்றினாலோ, நாவில் சொரசொரப்பு நெருடினாலோ தயங்காமல் வாருங்கள். பல நேரங்களில் மேற்பரப்பை மெருகேற்றினாலே போதுமானதாகிவிடுகிறது.