மிதக்கும் கம்ப்ரசரும் நீரடித் தேடலும்

கேள்வி: வடகடலில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறோம். போன வாரம் அவுட்போர்டு என்ஜின் கழன்று 15 அடித் தண்ணீரில் விழுந்துவிட்டது. தண்ணீரில் மிதந்தபடியே குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பெட்ரோல் கம்ப்ரசர் ஒன்றை வாங்கி அனுப்புவதாகத் துபாயிலிருக்கும் அண்ணன் சொல்கிறார். அதை வைத்துத் தேடலாமா ஐயா? பஞ்சர் கடை கம்ப்ரசரில் ட்யூப் மாட்டி இறங்குகிறவர்களும் இருக்கிறார்களே, அது போதாதா?
(மண்டபம் வாசகர்)

பதில்: பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கும் அந்த எந்திரத்தின் பிஸ்டன் எண்ணெயில் ஓடுவது. அந்த எண்ணெய் நுண்துளியாகக் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். எந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் எண்ணெய் கருகி, விஷவாயுவான கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரலாம்.

அண்ணன் சொல்லும் கருவி வேறு. வளைய மிதவையின் நடுவே ஒரு சிறு பெட்ரோல் என்ஜின், எண்ணெய் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர், அதிலிருந்து இறங்கும் நீளமான குழாய், அதன் முனையில் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று விடும் ரெகுலேட்டர். நீங்கள் அடியில் நகர நகர மிதவை மேலே கூடவே வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிரௌனீஸ் தேர்ட் லங் என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக விற்பனையாகிறது. பேட்டரியில் ஓடும் சின்ன வகைகளும் வந்துவிட்டன. புளூ3 நிறுவனத்தின் நீமோ 3 மீட்டர் வரைக்கும், நோமாட் 9 மீட்டர் வரைக்கும் போகும். 15 அடித் தேடலுக்கு அண்ணன் சொல்லும் பெட்ரோல் வகை பொருத்தமானதுதான்.

ஆனால் 15 அடிதானே என்று நினைத்துவிடாதீர்கள். கடலடியில் நீங்கள் இழுக்கும் காற்று, அந்த ஆழத்தின் அழுத்தத்தில் இருக்கும் காற்று. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நெஞ்சுக்குள் விரியும். 10 மீட்டரிலிருந்து வந்தால் இரண்டு மடங்கு. நுரையீரல் கிழிய அவ்வளவு ஆழம்கூட வேண்டாம், நாலைந்து அடியே போதும். வெறும் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோனார்கள். அதனால் மூச்சடக்கிப் பழகிய கைதேர்ந்த குளியாளிக்கே இந்தக் கருவியில் ஆபத்து அதிகம். பதறும் நேரத்தில் பழைய பழக்கம் வந்துவிடும், வாயை மூடிக்கொண்டு மேலே பாய்வார். பயிற்சி பெற்ற ஸ்கூபா ஆசிரியரிடம் சில நாளாவது கற்காமல் யாரும் இதை வாயில் வைக்கக் கூடாது.

அடுத்தது என்ஜின் புகை. காற்றை உறிஞ்சும் குழாய் புகைபோக்கியை விட உயரத்தில், காற்றடிக்கும் பக்கம் இருக்க வேண்டும். காற்றே அசையாத நாளில் புகை மிதவையைச் சுற்றியே நிற்கும். அன்றைக்கு இறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலியோ குமட்டலோ வந்தால் அந்த நிமிடமே மூச்சை விட்டபடி மெல்ல மேலே வந்துவிடுங்கள்.

இந்தக் காற்று தீராது என்பதையும் யோசியுங்கள். சிலிண்டர் காலியானால் ஆள் மேலே வந்தே ஆகவேண்டும். கம்ப்ரசரோ பெட்ரோல் உள்ளவரை ஓடும். 15, 20 அடியில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. 60 அடிக்குப் போய் மணிக்கணக்கில் கிடந்தால், ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழாகிறது. மூட்டுவலியில் தொடங்கி, இரண்டு காலும் விளங்காமல் போவது வரை அதன் வேலைதான். ஆகவே 20 அடியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் திடீரென்று நின்றால் கம்ப்ரசரின் சேமிப்புத் தொட்டியில் சில மூச்சுகளுக்கு மட்டுமே காற்று மிஞ்சும். அதற்காக இடுப்பில் ஒரு சிறு அவசர சிலிண்டர் இருக்கட்டும். குழாயை உடம்புப் பட்டையில் மாட்டுங்கள், இழுவை வாய்க்கு வரக் கூடாது. டைவர் கொடியைக் கட்டுங்கள், மற்றப் படகுகளின் புரொப்பல்லர் பக்கத்தில் வரக் கூடாது. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி, போனைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்தில் கயிறு பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று நம் கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலியின்மேல் அக்கறை உள்ளவர் கயிற்றை விடமாட்டார் என்பது கணக்கு. உங்கள் படகிலும் அப்படிப்பட்ட ஒருவரை உட்கார வையுங்கள்.

என்ஜினைக் கண்டுபிடித்ததும் கயிற்றைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், படகிலிருந்து இழுக்கட்டும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்களும் மேலே வராதீர்கள். வெளியே எடுத்த என்ஜினை வெயிலில் காயவைத்தால் உப்பும் காற்றும் சேர்ந்து சில மணி நேரத்தில் துருவேற்றிவிடும். மெக்கானிக் வரும்வரை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் முக்கி வையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வடிக்காமல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே கூடாது. இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேள்வி: ஏரியில் குளிக்கும்போது மனைவியின் தங்கச் சங்கிலி விழுந்துவிட்டது. ஆழம் 8 அடிதான். இரண்டு பேர் இறங்கித் துழாவியும் கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது?
(சேலம் வாசகர்)

பதில்: துழாவியதுதான் கெடுத்தது. சேறு கலங்கிவிட்டால் எதுவும் தெரியாது. மிதித்த இடத்தில் தங்கம் இன்னும் உள்ளே இறங்கிவிடும். ஒருநாள் தண்ணீரைத் தெளியவிடுங்கள்.

சங்கிலி கடைசியாகக் கழுத்தில் இருந்த இடம் எது, இல்லையென்று தெரிந்த இடம் எது என்று உங்கள் மனைவியைக் கரையில் நிற்கவைத்துக் கேளுங்கள். தண்ணீரில் அந்த இடத்திலிருந்து பார்த்தபோது எந்த மரமும் எந்தக் கம்பமும் ஒரே நேரில் தெரிந்தன என்று இரண்டு பக்கமும் நேர்பிடியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கனமான கல்லைக் கயிற்றோடு இறக்கி, மேல்முனையில் ஒரு காலி கேனைக் கட்டி மிதக்கவிடுங்கள். தேடலில் பாதி வேலை இதுதான்.

பிறகு கல்லின் அடியிலிருந்து இன்னொரு கயிறு. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லைச் சுற்றி ஒரு முழு வட்டம் வாருங்கள். தொடங்கிய இடம் தெரிய ஒரு குச்சியை நட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சுற்று முடிந்ததே தெரியாது. ஒரு முழம் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரென்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழத்துக்கு மேல் கயிறு விடாதீர்கள். காலில் மாட்டிய துடுப்பை உயர்த்தி வைத்து, வயிறு தரையில் படாமல், விரல்நுனியால் மட்டும் நகருங்கள். இதற்குத்தான் மிதக்கும் கம்ப்ரசர் உதவும். மூச்சுக்காக நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பாமல் ஒரே வேகத்தில் சுற்றலாம். 8 அடிக்குப் பேட்டரி வகையே போதும், புகைத் தொல்லையும் இல்லை.

காந்தம் தங்கத்தை இழுக்காது. தண்ணீருக்குள் பயன்படும் மெட்டல் டிடெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். சத்தம் வந்த இடத்தைத் தோண்டாமல், உள்ளங்கையால் மெல்ல விசிறினால் வண்டல் எழுந்து விலகும், கனமான தங்கம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். சோடா மூடியும் சில்லறைக் காசும்தான் முதலில் வரும், பொறுமையாக இருங்கள். மதகுப் பக்கம் மட்டும் போகாதீர்கள். மதகு திறந்திருந்தால் அந்த உறிஞ்சலிலிருந்து எந்த நீச்சல்காரரும் மீள முடியாது.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் 50 அடித் தண்ணீர். அடியில் சப்மெர்சிபிள் மோட்டார் அறுந்து கிடக்கிறது. இதே கம்ப்ரசரைக் கிணற்றுக்குள் மிதக்கவிட்டு இறங்கலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: இறங்கவே கூடாது. கிணற்றுக்குள் ஓடும் பெட்ரோல் என்ஜினின் புகைக்குப் போக்கிடம் இல்லை. அதே புகையைத்தான் கம்ப்ரசர் உறிஞ்சிக் கீழே அனுப்பும். முன்பு சொன்ன சின்னப் பேட்டரி வகைகளுக்கு அந்த ஆழம் எட்டாது. தவிர, புழங்காத கிணற்றின் காற்றிலேயே ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து இறந்த செய்தி நம் மாவட்டங்களில் எத்தனை முறை வந்திருக்கிறது!

முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். மேலே நின்றபடியே பாதாளக் கரண்டி போட்டுப் பாருங்கள், அறுந்த கயிறோ ஒயரோ மாட்டினால் கப்பி வைத்து இழுத்துவிடலாம். ஆள் யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல் 101-க்கு அழையுங்கள். கரண்டியில் மோட்டார் வரவில்லையென்றால், வேறு மோட்டாரால் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாருங்கள், அல்லது கிணறு வற்றும் கோடை வரை அது அங்கேயே கிடக்கட்டும்.