வேலைக்குப் போனாலே தலைவலி!

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிறு கலங்குது டாக்டர். திங்கட்கிழமை காலையில தலைவலி வந்துடுது. லீவு போட்டா மத்தியானத்துக்குள்ள தானா சரியாயிடுது!" இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அநேகம். கூட வரும் அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "இவளுக்குப் பொறுமை போதாது. இவ அக்காவும்தான் வேலைக்குப் போறா, ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல."

அக்காவுக்கு வராத தலைவலி தங்கைக்கு ஏன் வருகிறது? முதலில் சுபாவத்தைப் பார்ப்போம். சித்த மருத்துவத்தில் உடல்களை வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் படிக்கிறோம். வாத உடல்காரர் துறுதுறுவென்று இருப்பார். ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் தவித்துப் போவார். பித்த உடல்காரருக்கு வேலையும் சுறுசுறுப்பு, கோபமும் சுறுசுறுப்பு. கப உடல்காரர் நிதானம். மேலதிகாரி கத்தினாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மூவரையும் ஒரே கவுன்ட்டரில் உட்கார வைத்தால் மூன்று விதமான அனுபவம்தானே கிடைக்கும்?

மேல்நாட்டிலும் இப்படி யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரீட்மேன், ரோசன்மேன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் 1959-ல், எப்போதும் அவசரமும் போட்டியுமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று எழுதினார்கள். 'டைப் ஏ' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பின்னால் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. அவசரத்தைவிட, மனசுக்குள் புகையும் கோபமும் பகையுமே கெடுதல் என்ற பக்கம் சாய்ந்தன. ஆகவே சுபாவம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து பயிற்சி. பாளையங்கோட்டையில் நாங்கள் படிக்கும்போது, நாடி பார்க்க முதன்முதலாக நோயாளியின் கையைப் பிடித்தவுடன் எங்கள் கைதான் வியர்க்கும்! பக்கத்தில் ஆசிரியர் நின்று, "அவசரப்படாதே, மறுபடி பாரு" என்று சொல்லச் சொல்லத்தான் பயம் விலகியது. புது பில்லிங் மெஷினை மேசையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்து, மறுநாளே வரிசையில் இருபது பேரை நிறுத்தினால் யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது? அந்தப் படபடப்புக்கு லேகியம் கிடையாது. இன்னும் பத்து நாள் கூட நின்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள்தான் மருந்து.

இனி, நம் வீடுகளில் யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் வேலை செய்கிற இடம். மேலே சொன்ன தங்கை ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். அக்காவுக்கு அலுவலகத்தில் மேசை வேலை. தங்கை காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நின்றபடியே புடவையை விரித்து, மடித்து, மறுபடி விரிக்க வேண்டும். பாத்ரூம் போக சூபர்வைசரிடம் கேட்க வேண்டும். கூட்டம் இருந்தால் அதுவும் முடியாது. அதனால் அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். நாள் முழுக்க இவற்றில் நாலைந்தை அடக்கினால் தலைவலி வராமல் என்ன செய்யும்? நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் கொடுத்தேன், குறைந்தது. ஆனால் மறுவாரமும் எட்டு மணி நேரம் அடக்கினால் கடுப்பு திரும்ப வரத்தான் செய்யும். கால் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இப்படித்தான்.

லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் 'வொய்ட்ஹால் ஆய்வு' தொடங்கினார்கள். பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்பது அன்றைய எண்ணம். நடந்தது நேர்மாறு! கடைநிலை ஊழியர்களிடம்தான் இதயநோய்ச் சாவு அதிகமாக இருந்தது. புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் இவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. 1985-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் தெளிவானது: தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாத நிலை. 'வேலை ஏராளம், அதிகாரம் துளிகூட இல்லை' என்ற கூட்டுதான் ஆளை நசுக்குகிறது என்று 1979-லேயே கராசெக் என்ற அமெரிக்கர் எழுதியிருந்தார். சூபர்வைசரிடம் கேட்டுக்கொண்டு பாத்ரூம் போகும் பெண்ணுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தையே திருத்தினார்கள். ஒரு நாற்காலிக்குச் சட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள்! நாற்காலி இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்று சொல்லும் பெண்களும் என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைவலி எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று. அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ராத்திரி படுக்கும்போது காலுக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அந்தத் தங்கையின் அம்மாவிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: "நீங்க ஒரு நாள் அந்தக் கடையில போய் நின்னு பாத்திருக்கீங்களாம்மா?" அடுத்த தடவை வந்தபோது அவர் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. பணம் எண்ணும் கவுன்ட்டருக்கு மகளை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்கலாமா என்று கேட்டார். கேளுங்கள் என்றேன். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாமாம்.