வீடு யாருக்கு?

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. சிறியதோ பெரியதோ, தனக்கென ஒரு வீடு இருந்தால்தான் மனிதனுக்கு நிம்மதி. ஆனால், ஓர் ஊரில் கட்டப்படும் மலிவு விலை வீடுகள் சில நூறாகவும், அவற்றுக்கு விண்ணப்பிப்போர் பல ஆயிரமாகவும் இருந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது? வருமானம் குறைந்தவருக்கா? முதலில் விண்ணப்பித்தவருக்கா? அல்லது அவ்வூரிலேயே பல்லாண்டு வாழ்ந்து உழைத்தவருக்கா? இக்கேள்விக்கு விடை காணச் சுங்கை பூலோவின் வரலாறு நமக்கு உதவும்.

மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு. ‘பூலோ’ என்றால் மூங்கில். மூங்கில் ஆற்றின் பெயரைத் தாங்கிய இவ்வூர், பின்னர் ரப்பரால் பெயர் பெற்றது. 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்குதான் அமைந்தது. இன்று அந்த நிலத்தில் ஏறத்தாழ 2,330 ஏக்கர் பரப்பில் குவாசா டாமன்சாரா என்னும் புதிய நகரம் எழுந்து வருகிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. இரயில் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. பால்மரங்கள் நின்ற இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. நிலத்தின் மதிப்பும் ஏறிவிட்டது. இத்தகைய மாற்றம் வரும்போது, அம்மண்ணில் பரம்பரையாக வாழ்ந்தவர்கள் அங்கேயே ஒரு வீட்டை வாங்க முடிகிறதா என்பதே கேள்வி.

தோட்டப்புற மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு லயத்தில் வீடு கிடைத்தது. வாடகை இல்லை, வேலைக்காடும் அருகிலேயே இருந்தது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. ஆனால், அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயிக்க 1990ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வீடு எப்படி இருக்க வேண்டும், குடிநீர் வசதி எப்படி இருக்க வேண்டும் என்பவற்றை அச்சட்டம் வரையறுத்தது. எனினும், வீட்டை அது தொழிலாளிக்கு உடைமையாக்கவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமும், வேலை முடிந்த நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

1950களிலும் 60களிலும் ஆங்கிலேய நிறுவனங்கள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இந்நிகழ்வால், பல தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அந்நிலையில், துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். மறு ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. உழைத்தவர்களே நிலத்தில் பங்கு பெற்றால், இருந்த இடத்தை விட்டு அவர்கள் துரத்தப்பட மாட்டார்கள் என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

சுங்கை பூலோவில் வீட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள பிணைப்பைக் காட்டும் வேறோர் இடமும் உண்டு. அது 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று மக்கள் அதனை அழைப்பர். தொழுநோய் கண்டவர்களைச் சட்டப்படி கட்டாயமாகப் பிரித்துவைத்த காலம் அது. அவர்களைச் சிறைபோன்ற கட்டடத்தில் அடைக்காமல், மரங்கள் சூழ்ந்த சிறு வீடுகளில் குடியமர்த்த வேண்டும் என்று மருத்துவர் டிராவர்ஸ் வலியுறுத்தினார். அவ்வாறே பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழுந்தன. பள்ளி, சந்தை, வழிபாட்டுத் தலங்கள் ஆகியவையும் உருவாயின. அங்கு மட்டுமே செல்லுபடியாகும் தனிப் பணத்தாள்கூட ஒரு காலத்தில் புழங்கியது. குடியிருப்பு நிறைந்திருந்த காலத்தில் அங்கு 2,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

அவர்களுள் பெரும்பாலோர் சுங்கை பூலோவில் பிறந்தவர்கள் அல்லர். நாட்டின் பல பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். நோய் குணமான பின்னும் பலருக்குத் திரும்பிச் செல்லச் சொந்த ஊர் இல்லை. உறவினர் ஏற்க மறுத்தனர், ஊரார் அஞ்சினர். எனவே, ஒதுக்கப்பட்ட சிறு வீடே அவர்களுக்கு உலகமாயிற்று. வீட்டைச் சுற்றிப் பூச்செடிகளை வளர்த்தனர். பின்னர் அவற்றை விற்றுப் பிழைத்தனர். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் செடி வாங்கத் தேடி வரும் சுங்கை பூலோ நாற்றங்கால்கள் அவ்வாறு வளர்ந்தவையே.

ஆயினும், அந்நிலம் அரசுக்கு உரியது. 2007ஆம் ஆண்டில் குடியிருப்பின் கிழக்குப் பகுதியில் இருந்த வீடுகள், பல்கலைக்கழக மருத்துவ வளாகம் அமைப்பதற்காக இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த முதியவர்கள் வேறு இடத்திற்கு மாற வேண்டியதாயிற்று. மருத்துவக் கல்வி நாட்டுக்குத் தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. எனினும், அரை நூற்றாண்டு வாழ்ந்த வீட்டின் மீது அதில் வாழ்ந்தவருக்கு எந்த உரிமையும் இல்லையா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. எஞ்சிய பகுதியைக் காக்க வேண்டும் என்ற குரலும் ஒலித்தது. பின்னர், இக்குடியிருப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளங்களுக்கான மலேசிய முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றது.

சிலாங்கூரிலேயே அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. தோட்டம் கைமாறியது, வேலையும் மாறியது, குடும்பங்கள் மட்டும் அங்கேயே இருந்தன. அவர்கள் கேட்டது ஏதோ ஓர் இடத்தில் ஒரு வீடு அன்று. வாழ்ந்த வட்டாரத்திலேயே ஒரு வீடு. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து, அக்குடும்பங்களுக்கெனத் தரைவீடுகள் கட்டும் திட்டம் இறுதியில் வகுக்கப்பட்டது. உள்ளூர்ப் பிணைப்பு என்பது வீட்டுரிமைக்கு ஓர் அடிப்படையாக ஏற்கப்பட்டதை இது காட்டுகிறது.

பிற நாடுகளும் இச்சிக்கலைச் சந்தித்துள்ளன. இங்கிலாந்தின் அழகிய சிற்றூர்களில் நகரத்துச் செல்வர்கள் வீடு வாங்கத் தொடங்கியதும் விலை உயர்ந்தது. உள்ளூர் ஆசிரியரும் பண்ணைத் தொழிலாளியும் அங்கு வீடு வாங்க இயலாத நிலை ஏற்பட்டது. அதனால், பொதுவாகக் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்காத கிராம எல்லை நிலங்களில், உள்ளூர் மக்களுக்காக மட்டும் மலிவு வீடுகள் கட்ட அனுமதி தரும் முறை வந்தது. அவ்வூரில் குறிப்பிட்ட காலம் வாழ்பவர், அங்கு வேலை செய்பவர், அங்கு நெருங்கிய உறவினரை உடையவர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. அவர்களுள் தகுதியானவர் இல்லையெனில், அடுத்த ஊராருக்கும், அதன் பிறகு மாவட்டத்தில் உள்ள பிறருக்கும் வாய்ப்புச் செல்லும். அவ்வீடுகள் பின்னாளில் வருபவருக்கும் மலிவாகவே இருக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதப்படும்.

இனி, ஒரு கற்பனைச் சூழலைப் பார்ப்போம். ஓர் ஊரில் ஒரே ஒரு மலிவு வீடு மீதமுள்ளது. மூவர் விண்ணப்பிக்கின்றனர். முதலாமவர் அவ்வூரிலேயே பிறந்தவர். ஆனால், அவருக்கு நகரத்தில் ஏற்கெனவே ஒரு வீடு உண்டு. இரண்டாமவர் முப்பது ஆண்டுகளாக அவ்வூர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்தைக் காலி செய்யும்படி அவருக்குக் கடிதம் வந்துள்ளது. மூன்றாமவர் ஆறு மாதங்களுக்கு முன் குடிவந்தவர். வருமானம் மிகக் குறைவு. கைக்குழந்தையோடு வாடகை அறையில் வசிக்கிறார்.

முதலாமவருக்கு வீடு இல்லை என்பதில் பெரும்பாலோர் உடன்படுவர். பிறப்பு மட்டும் தேவையாகி விடாது. ஆனால், மற்ற இருவருள் யாருக்கு? இங்குதான் விதி தெளிவாக இருக்க வேண்டும். தேவையை முதலில் அளந்து, சமமான தேவை உடையவர்களுள் உள்ளூர்ப் பிணைப்பு உடையவரை முன்நிறுத்துவது நேர்மையான வழி. அவ்வாறு பார்த்தால், இருக்கும் வீட்டை இழக்கப் போகும் இரண்டாமவர் முந்துவார். எனினும், மூன்றாமவரின் பெயரும் காத்திருப்போர் பட்டியலில் இருக்க வேண்டும். வெளியூர்க்காரர் என்று அவருக்குக் கதவை அடைத்துவிடக் கூடாது. நம் முன்னோரும் ஒரு நாள் கப்பலிலிருந்து இறங்கிய புதியவர்களே அல்லவா?

பிணைப்பை எப்படி மெய்ப்பிப்பது என்பதும் எளிதன்று. தோட்ட வீடு நிர்வாகத்திற்கு உரியது என்பதால், வீட்டுப் பத்திரம் எதுவும் தொழிலாளியிடம் இருக்காது. எனவே, பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு போன்றவற்றைக் குடும்பங்கள் பத்திரப்படுத்துவது நன்று. தாத்தாவின் தகரப்பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய சீட்டு, பேரனின் வீட்டுக்குச் சாட்சியாகலாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாத முதியவர்களுக்குப் படித்த இளையோர் உதவுவதும் சமுதாயக் கடமையே.

ஊரோடு உள்ள பிணைப்பு பிறப்பால் மட்டும் வருவதன்று என்பதைச் சுங்கை பூலோ நமக்குக் கற்பிக்கிறது. தொழுநோயாளர் அங்குப் பிறக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் முன்னோரும் அங்குப் பிறக்கவில்லை. ஒரு சாரார் பூச்செடி வளர்த்தனர். மற்றொரு சாரார் பால்மரம் வெட்டினர். வாழ்ந்த ஆண்டுகளும் சிந்திய வியர்வையுமே அவர்களை அவ்வூராராக ஆக்கின. வீடுகளைப் பகிர்ந்தளிப்போர், விண்ணப்பத்தில் வருமானத்தைப் பார்ப்பதுபோல் இந்த ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தால், ஊரை உருவாக்கியவர்கள் ஊருக்கு வெளியே நிற்கும் நிலை வராது.

கருத்துணர் கேள்விகள்

1. தோட்டத் தொழிலாளரின் வீடு ‘வேலையோடு வந்தது, வேலையோடு போனது’ எனக் கூறப்படுவது ஏன்?
2. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கான காரணத்தை எழுதுக.
3. சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் அவ்வூரோடு பிணைப்புக் கொண்டது எவ்வாறு?
4. இங்கிலாந்தின் சிற்றூர்களில் மலிவு வீடுகள் எந்த வரிசைப்படி வழங்கப்படுகின்றன?
5. கற்பனைச் சூழலில் நீங்கள் யாருக்கு வீட்டை வழங்குவீர்கள்? மூன்று காரணங்களுடன் விளக்குக.