மணி ஒலிக்க வேண்டிய இடம், ஓய வேண்டிய இடம்

பாறசாலையில் பேருந்தைவிட்டு இறங்குபவருக்குப் பக்கத்தில் காடு இருக்கிறது என்றே தோன்றாது. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையின் நெரிசல் அப்படி. ஆனால் கிழக்கே திரும்பி வெள்ளறடை, அம்பூரி என்று ஏறத் தொடங்கினால் நிலம் சீக்கிரமே மாறிவிடும். தென்னையும் மரச்சீனியும் குறைந்து ரப்பர் விளைகள் வரும். ரப்பர் முடிகிற இடத்தில் நெய்யாறு சரணாலயம் தொடங்குகிறது. வலது கைப்பக்கம் பத்துகாணி, களியல், பேச்சிப்பாறை எல்லாம் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கேரளப் பக்கம் நின்ற எங்கள் வீட்டில் பேசுவது இன்றும் தமிழ்தான். இந்த இரண்டு பக்கத்து மலையடிவார வழிகளிலும் நான் நெடுங்காலமாக நடந்துவருகிறேன். ரப்பர் பால்வெட்டுக்கு விடியும்முன் போகிறவர்களோடும், அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களோடும் நடந்ததில் மணியைப் பற்றிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது மலையேற வருகிற இளைஞர்கள் பலருடைய பையில் ஒரு சின்ன மணி தொங்குகிறது. இணையத்தில் வாங்கியதாகச் சொல்வார்கள். மணி ஒலித்தால் விலங்கு தானாக விலகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கரடிக்காட்டில் நடப்பவர்கள் கட்டிக்கொள்ளும் மணி அது. அந்த ஊர்க் கரடிக்கே அது எவ்வளவு பயன்படும் என்று அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் டாம் ஸ்மித் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். மறைவிடத்தில் இருந்துகொண்டு, கரடிகள் கடந்து போகும்போது மணியை மெல்லவும் பலமாகவும் ஆட்டினார். கரடிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சிலை ஒடித்த சத்தத்துக்குச் சட்டென்று திரும்பின. குச்சி முறிந்தால் யாரோ வருகிறார்கள் என்பது காட்டு விலங்குக்குத் தெரியும். கிலுகிலு என்ற ஒலிக்கு அதன் உலகத்தில் அர்த்தம் எதுவும் இல்லை.

அதற்காக மணியே வீண் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் நாட்டில் மணியோடு வழிநடந்தவர்களின் நீண்ட மரபு ஒன்று உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு 'அஞ்சல்' என்று சொந்தத் தபால் துறை இருந்தது; 1951-ல்தான் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. கடிதப் பையைச் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரரின் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆளரவமற்ற இடங்களில் அதே மணி விலங்குகளுக்கும் முன்னறிவிப்பாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடியவர்கள் எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

அந்தக் கோலின் அமைப்பைக் கவனியுங்கள். மணி இடுப்பிலோ பையிலோ இல்லை, கோலில் இருக்கிறது. கோல் தரையில் ஊன்றும்போது ஒலிக்கும், தூக்கிப் பிடித்தால் அடங்கும். கூடவே தரையும் அதிரும். நான் கடைசியில் வந்து சேர்ந்ததும் இந்த ஏற்பாட்டுக்குத்தான். பையில் தொங்கவிட்ட மணி நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். கைத்தடியில் கட்டிய மணி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

எந்த மணி என்பதும் முக்கியம். சலங்கை போன்ற சிறுமணிகளின் கீச்சொலியை இலைகளும் புதர்களும் சீக்கிரம் விழுங்கிவிடும். ஓடைச் சத்தம் இருந்தால் பத்தடிக்கு அப்பால் எதுவும் கேட்காது. மாட்டின் கழுத்தில் கட்டும், நாக்கு உள்ள வெண்கல மணி தடித்த குரலில் ஒலிக்கும். வளைவுக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேரும். நாக்கைச் சுற்றி ஒரு துணித்துண்டையோ ரப்பர் வளையத்தையோ மாட்டினால் நொடியில் ஊமையாக்கிவிடலாம். ஊமையாக்க முடியாத மணியைக் காட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர்களில் மணி மெய்யாகவே பலன் தருவது காட்டுப்பன்றியிடம்தான். பால்வெட்டுகிறவர்கள் பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கே நெற்றி விளக்கோடு விளைக்குள் இறங்கிவிடுவார்கள். பன்றியும் அதே நேரத்தில்தான் மரச்சீனியைக் கிளறிவிட்டுக் காட்டுக்குத் திரும்பும். அதற்குப் பார்வை மட்டம், மோப்பமும் செவியும் கூர்மை. தொலைவிலேயே ஆள் வருவது தெரிந்தால் பெரும்பாலும் விலகிப்போய்விடும். மூன்று நான்கு அடி நெருக்கத்தில் திடீரென்று முகத்துக்கு முகம் பட்டால்தான் ஆபத்து. குட்டிகளோடு நிற்கும் தாய்ப்பன்றி என்றால் யோசிக்காமல் பாயும். ஆகவே விளைக்குள் நுழையும்போதும், கைதச்சக்கை (அன்னாசி) அடர்ந்து நிற்கும் ஓரங்களிலும், கையாலை தாண்டும் இடத்திலும் கோலை நன்றாக ஊன்றி மணியை ஒலிக்கச் செய்வேன். சற்று நின்று கேட்பேன். பிறகு நடப்பேன். அந்தச் சற்றுநேரம் நிற்பதுதான் முக்கியம். விலகிப்போக நினைக்கும் பன்றிக்கு அவகாசம் வேண்டுமல்லவா?

பலர் மணிக்குப் பதில் அலைபேசியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வெட்டுகிறார்கள். பன்றியை எச்சரிக்க அது போதும். ஆனால் காதுக்குள் குமிழ் மாட்டிக்கொண்டு வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. விலங்குக்கும் தகவல் போகவில்லை, அவருக்கும் தகவல் வரவில்லை. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு இருட்டில் நடப்பது அது.

பன்றியால் வரும் இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பன்றித் தொல்லை பொறுக்க முடியாமல் போனதால், 2022-ல் கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்கே அவற்றைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை வழங்கியது. சட்டப்படியான வழி அது. அதை விட்டுவிட்டு விளையைச் சுற்றி மின்கம்பி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். எந்த மணியும் அதிலிருந்து காப்பாற்றாது. மலைபடுகடாம் என்ற சங்கநூல் கூத்தருக்கு மலைவழி சொல்லும் இடத்திலேயே பன்றிக்கு வைத்த பொறிகளைப் பார்த்துப் போகும்படி எச்சரிக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அந்த எச்சரிக்கை எங்களுக்கு இன்றைக்கும் பொருந்துகிறது. அறிமுகமில்லாத விளைக்குள் இருட்டில் குறுக்குவழி தேடாதீர்கள்.

பாம்புக்கு மணி பயன்படாது. காற்றில் வரும் ஒலியைப் பாம்பு கேட்கவே கேட்காது என்று முன்பு சொல்வார்கள். 2023-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 450 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைப் பாம்புகளுக்குக் கேட்கச் செய்து, அவை அசைவதையும் விலகுவதையும் பதிவு செய்தார்கள். நம் பேச்சின் தாழ்ந்த பகுதி அந்த எல்லைக்குள் வரும். மணியின் கீச்சொலி பெரும்பாலும் அதற்கு மேலே நிற்கும். ஆகவே கோல் ஊன்றும் அதிர்வும் காலடியும்தான் உதவி. அதையும் முழுதாக நம்ப முடியாது. ரப்பர்ச் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியன் அதிர்வு தெரிந்தாலும் நகராது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துச் செய்தது. இந்தக் குழிவிரியன் அதில் இல்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நல்ல விளக்கு, கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பது ஆகியவைதான் வழி.

கரடி இருக்கும் மேட்டுக்காட்டில் சத்தம் தேவை. நம் கரடி கறையான் புற்றை உறிஞ்சும்போது எழும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அந்த மும்முரத்தில் நாம் வருவது அதற்குத் தெரியாது. மிக அருகில் போன பிறகு தெரிந்தால் ஓடாது, மேலே விழும். அங்கே மணியைவிட மனிதக் குரல் மேல் என்பது என் அனுபவம். கரடி, காட்டுப்போத்து எல்லாமே மனிதக் குரலைக் கேட்டு விலகிப் பழகியவை. பெருவழிப் பாதையில் அழுதை, கரிமலை ஏறும் சபரிமலைப் பக்தர்கள் சரணம் விளித்துக்கொண்டே போவதை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தின் குரல் காட்டில் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இனி யானை. மேலே சொன்ன எல்லாம் யானைக்காட்டில் மாறிவிடும்.

அகத்தியர்கூடத்துக்குப் போணக்காட்டிலிருந்து நடந்து முதல் நாள் அதிருமலை முகாமில் தங்குவார்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வனத்துறை அனுமதியோடு நடக்கும் பயணம் அது. வழிகாட்டிகளாகக் காணிப் பழங்குடியினர் வருவார்கள். ஒருமுறை எங்களோடு வந்த மூத்த காணிக்காரர், ஈற்றை என்னும் மெல்லிய மூங்கில் அடர்ந்த காட்டின் ஓரம் வந்ததும் நின்று என் கோலைப் பார்த்தார்.

"சாரே, அந்த மணிய ஒண்ணு அமத்துங்க."

"ஏண்ணே, ஆனை வெலகிப் போவாதா?"

"நாம வாறது ஆனைக்கு எப்பமே தெரியும். ஆனை நிக்கது நமக்குத்தான் தெரியணும். இந்தக் கிலுக்கத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

மணி கட்டி நடப்பவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய சொல் அது. யானைக்குக் காற்று வாக்கில் நம் வாசனை முன்பே போய்விடும். அதன் செவி தாழ்ந்த ஒலிக்கென்றே அமைந்தது. மனிதச் செவிக்கு எட்டாத ஆழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வதை 1984-ல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக்காட்சி சாலையில் கவனித்து வெளிப்படுத்தினார். மேல் பக்கம் சுமார் 10,000 ஹெர்ட்ஸோடு அதன் கேள்வி முடிந்துவிடுகிறது. சிறுமணியின் மிகக் கீச்சான பகுதி அதன் காதில் ஏறவே ஏறாது. ஆனால் நமக்கு யானையைக் காட்டிக்கொடுப்பது மெல்லிய சத்தங்கள்தான். ஈற்றை ஒடிகிற சடசடப்பு, வயிற்றுக்குள் இடி உருளுவது போன்ற உறுமல், காது விசிறும் ஓசை. இருபதடியில் நின்றாலும் அசையாத யானை கண்ணுக்குத் தெரியாது. ஈற்றைக்காட்டில் அப்படியொரு மறைவு. இடுப்பில் மணி கிலுங்கிக்கொண்டிருந்தால் இவற்றில் ஒன்றும் நம் காதில் விழாது. கோயில் யானைக்கு மணி கட்டுவது யானை வருவதை மனிதர் அறிந்து விலகத்தான். காட்டு யானைக்கு யாரும் மணி கட்டவில்லை, ஆகவே அந்த வேலையை நம் காது செய்ய வேண்டியிருக்கிறது.

அன்று மணியை அமர்த்திய பிறகு அவர் நடந்த விதத்தையே நான் இப்போதும் பின்பற்றுகிறேன். கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார், மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்ப்பார். யானைப் பிண்டத்தைக் காலால் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். மரத்தில் அப்பிய சேறு ஈரமா காய்ந்ததா என்று தடவுவார். புதிதாக ஒடிந்த ஈற்றையும் சூடான பிண்டமும் ஒன்றாகக் கண்ட இடத்தில் எங்களை வந்த வழியே அமைதியாகத் திருப்பி, வெகுநேரம் காத்திருக்க வைத்தார். அவர் கூச்சலிடவில்லை, யாரையும் ஓடவும் விடவில்லை.

யானையைச் சத்தத்தால் வெல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை நினைவுபடுத்துவேன். சின்னக்கானலில் தகரம் தட்டியும் வெடி போட்டும் அவனை விரட்டாத நாளில்லை. ரேஷன் கடை அரிசிக்கு அவன் திரும்பத் திரும்ப வந்தான். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து கம்பம் நகருக்குள்ளேயே இறங்கினான். ஜூனில் தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம், மேல் கோதையாறு மலையில் விட்டது. எங்கள் மலைக்கு அந்தப் புறம். அவன் கழுத்துப்பட்டை அனுப்பும் சமிக்ஞையை நெய்யாறு பக்கத்து வனத்துறையினரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்குப் பழகிவிட்ட யானையிடம் மணியை ஆட்டுவது நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொடுப்பதாகத்தான் முடியும்.

ஆகவே என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது. ஊரிலிருந்து ரப்பர் விளை முடியும்வரை மணி ஒலிக்கும். சரணாலய எல்லையைத் தொட்டதும் நாக்கில் துணி சுற்றிவிடுவேன். சரணாலயத்துக்குள் சத்தம் எழுப்பி விலங்குகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. உள்ளே, பார்வை மறைக்கும் வளைவுகளிலும், புற்றுகள் நிறைந்த காய்ந்த மேடுகளிலும் வழிகாட்டி சரி என்றால் சாதாரணக் குரலில் இரண்டு வார்த்தை பேசுவேன். ஈற்றைக்காட்டிலும் தண்ணீர்க் கரையிலும் பேச்சும் நிற்கும். குழந்தைகளோடு போனால் அவர்களை நடுவில் விட்டு, கோலை முன்னால் நடப்பவரிடம் கொடுப்போம். மணி கட்டிக்கொண்டு தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களிடம் போகவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். துணைக்கு ஓர் ஆள் இருந்தால் இரண்டு காது கூடுதலாகக் கிடைக்கும்.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஓடைகள் நிறைந்து இரைந்தால் மணி விலங்குக்குக் கேட்காது, ஈற்றை ஒடிவது நமக்கும் கேட்காது. அட்டைக்கடியோடு இந்தச் செவிட்டுத்தனமும் சேர்ந்துவிடும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை இறங்கியதும் நான் காட்டுவழியை விட்டுவிடுவேன். விளைக்குப் போக வேண்டியவர்கள் அந்த மாதங்களில் விடிந்து வெளிச்சம் வந்த பிறகே போவது நல்லது. மரத்துக்கு மழைச்சட்டை கட்டி வெட்டுகிறவர்களும் ஒரு மணி நேரம் பிந்திப் போனால் பாலில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.