சேவல் என்னும் சொல்

முருகப்பெருமானைச் சேவற்கொடியோன் என்று நாள்தோறும் போற்றுகின்றோம். அக்கொடிக்குரிய பறவையின் பெயர் எப்படி வந்தது என்பதை அடியார்கள் அறிந்திருத்தல் நன்று.

இன்று சேவல் என்றால் ஆண் கோழியையே கருதுகின்றோம். பேச்சு வழக்கிற் சாவல் என்பதும் உண்டு. அதன் பெண் பேடு. பண்டைத் தமிழிலோ இச்சொல்லின் பொருள் மிக விரிந்தது. சிறகுடைய பறவைகளின் ஆணுக்கெல்லாம் சேவல் என்னும் பெயர் பொருந்தும் என்பது தொல்காப்பிய மரபியலின் விதி. புறநானூற்றின் 67ஆம் பாடலிற் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனிடம் செல்லுமாறு வேண்டுவது ஓர் அன்னச் சேவலையே. பரிபாடலிலே திருமாலின் கொடியிலுள்ள கருடனும் சேவல் எனப்படுகின்றது. பிற்காலத்திலேதான் வீட்டு முற்றத்திற் கூவும் கோழிக்கு இப்பெயர் சிறப்பாக நிலைத்தது.

கொண்டை சிவந்திருப்பதாற் சேவல் எனப்பட்டது என்று எண்ணத் தோன்றும். அப்படியாயின் வெண்ணிற அன்னத்திற்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்? மரபியல் தரும் ஆண்பாற் பெயர் வரிசையிலே சே, சேவல் என்னும் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. சே என்பது எருதையும் குறிக்கும். ஆகவே நிறத்தை விட ஆண்மையைக் குறிக்கும் சே என்பதோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவதே பொருத்தமாகும்.

மரபியல் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆண் மயிலைச் சேவல் என்று சொல்லுதல் மரபன்று. அதற்குப் போத்து என்னும் பெயர் உரியது. தோகை விரித்தாடும் அதன் சாயல் பெண்மைக்குரிய அழகை ஒத்திருப்பதே இதற்குக் காரணம் என உரையாசிரியர் விளக்குவர்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்தின்படி, மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் இரு கூறாக்க, ஒரு கூறு சேவலாயிற்று, மறு கூறு மயிலாயிற்று. ஒன்று கொடியாகவும் மற்றையது வாகனமாகவும் ஆட்கொள்ளப்பட்டன. தமிழ் மரபிலே சேவல் என்னும் பெயரைத் தனக்கே உரியதாக்கிக் கொண்ட பறவை ஒன்று. அப்பெயருக்கு விலக்கான பறவை மற்றொன்று. பெயரால் வேறுபட்டாலும் இரண்டும் ஒருவனே. பகைவனையும் அழித்தொழிக்காது தன்னோடு வைத்துக்கொண்ட பெருங்கருணையை இவ்விரு பறவைகளும் நமக்கு உணர்த்துகின்றன.

சூரன்போர் பார்க்க வரும் நம் சிறுவர்களுக்குச் சேவலும் மயிலும் தோன்றும் வேளையில் இப்பொருளைச் சொல்லிக் கொடுப்போமாக. சொல்லின் பொருள் தெரிந்து செய்யும் வழிபாடு உள்ளத்தில் நிலைக்கும்.