யாரை நோக்கிச் செபிப்பது?

கேள்வி: மலையில் கொழுந்து பறிக்கும்போது மனசுக்குள் செபிப்பேன். "பிதாவே" என்று தொடங்கி "இயேசுவே" என்று முடித்துவிடுகிறேன். தூய ஆவியார் நினைவுக்கே வருவதில்லை. இது பிழையா?
– ஒரு வாசகி, எல்ல

பதில்: பிழையே இல்லை, சகோதரி. மூன்று கடவுள்கள் இருந்தால்தானே ஒருவரைக் கூப்பிட்டு மற்றவரை விட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டும்? மூவரும் ஒரே இறைவன். 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய சங்கங்கள் அறிக்கையிட்ட விசுவாசம் அதுதான்.

ஞாயிறு பூசையின் தொடக்கத்தில் குருவானவர் சொல்லும் சபை மன்றாட்டைக் கவனித்துக் கேளுங்கள். பெரும்பாலும் தந்தையை அழைத்துத் தொடங்கும். மகன் வழியாக, தூய ஆவியாரின் ஒன்றிப்பில் என்று முடியும். உங்கள் செபத்தின் பாதையும் அதேதான். இயேசு கற்றுத்தந்த செபம் தந்தையை அழைக்கிறது. கல்லெறிபட்டுச் சாகும் வேளையில் ஸ்தேவான் கூப்பிட்டதோ இயேசுவை.

ஆவியாரை நீங்கள் மறந்தாலும் அவர் உங்களை மறப்பதில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் நாம் திகைக்கும்போது நமக்காக மன்றாடுபவர் அவரே என்கிறார் பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில். நாள் சம்பளத்துக்குரிய கிலோ சேராத அன்றைக்கு வெறும் பெருமூச்சுதான் வருகிறதா? அதுவும் செபம்தான். வாயில் வருகிற பெயரைச் சொல்லித் தயங்காமல் கூப்பிடுங்கள்.