மட்டடோரிடம் தோற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் முறையில் பணிபுரியும் வாசகர் கேட்கிறார்: “ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன் என்ற ஜப்பானிய கேமை விமர்சனங்களை நம்பி வாங்கினேன். தலைசிறந்த படைப்பு என்கிறார் ஒருவர். நியாயமே இல்லாத கேம் என்கிறார் இன்னொருவர். மட்டடோர் என்ற எலும்புக்கூட்டு வீரனிடம் ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். யார் சொல்வது சரி? எனக்குத்தான் மூளை போதவில்லையா?”

உங்கள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த விமர்சகர்கள் இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்; ஆனால் இருவரும் கேமின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்த்தால், தோல்விக்கான காரணமும் பிடிபடும்.

நாக்டர்னை அட்லஸ் நிறுவனம் 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக ஜப்பானில் வெளியிட்டது. இயக்கியவர் கட்சுரா ஹாஷினோ. உருவங்களை வரைந்தவர் கசுமா கனேகோ. புதுப்பித்த பதிப்பு 2020-இல் ஜப்பானிலும், 2021 மே மாதம் மற்ற பல நாடுகளிலும் கணினியிலும் வந்தது. டோக்கியோ நகரம் அழிந்து உருமாற, பள்ளி மாணவன் ஒருவன் பாதி மனிதனாகவும் பாதி அசுரனாகவும் மாறி அலைவதுதான் கதை. இது டர்ன் பேஸ்டு (இரு தரப்பும் முறை வைத்து மாறி மாறித் தாக்கும்) வகை. நீங்கள் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான். ஆகவே, விரல் வேகம் போதவில்லை என்ற கவலை இங்கே தேவையில்லை.

சிக்கல் பிரஸ் டர்ன் (தாக்கும் வாய்ப்புகளைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடும் விதி) என்பதில் இருக்கிறது. உங்கள் அணியில் நாயகனும் மூன்று துணைகளுமாக நான்கு பேர் நின்றால் நான்கு வாய்ப்புகள். எதிரியின் பலவீனம் எதுவோ அதில் தாக்கினால் அரை வாய்ப்புதான் செலவாகும். மீதி அரையை இன்னொரு தாக்குதலுக்குப் பயன்படுத்தலாம். அடி தவறினாலோ, அந்த வகை அடி எதிரிக்கு உறைக்காமல் போனாலோ இரண்டு வாய்ப்புகள் போய்விடும். எதிரி அதைத் திருப்பி அடித்தாலோ, உறிஞ்சிக்கொண்டாலோ உங்கள் முறை மொத்தமும் அத்தோடு முடிந்தது. இதே சலுகையும் இதே தண்டனையும் எதிரிக்கும் உண்டு.

மற்ற பல கேம்களில் நமக்குப் பழகிப்போன வழி, லெவலை ஏற்றிக்கொண்டு வந்து பலமாக அடிப்பது. நாக்டர்ன் அந்தப் பழக்கத்தையே தண்டிக்கிறது. ரியாக்டரில் எதைச் சேர்க்கும் முன்பும் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளை நீங்கள் பார்ப்பீர்கள் அல்லவா? இங்கேயும் எதிரி எதைத் தாங்குவான், எதைத் தாங்கமாட்டான் என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

மட்டடோருக்கு வருவோம். சண்டை தொடங்கியதும் அவன் ‘ரெட் கபோட்’ என்ற வித்தையால் தன் தாக்கும் குறியையும் விலகும் திறனையும் உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறான். அதன்பிறகு நீங்கள் வீசும் அடிகள் தவறத் தொடங்கும். ஒவ்வொரு தவறலுக்கும் இரண்டு வாய்ப்புகள். இரண்டு அடி தவறினால் நான்கு பேரின் முறையும் காலி. அடுத்து அவன் ‘மசான்’ என்ற காற்றுவிசைத் தாக்குதலை அணி முழுவதன் மீதும் வீசுவான். அதற்குப் பலவீனமான துணை ஒருவர் உங்களோடு நின்றால், அவனுக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். நீங்கள் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான். அவனுடைய பலத்தைவிட உங்கள் அணியின் அமைப்பே உங்களைத் தோற்கடிக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். காற்றுவிசைக்குப் பலவீனமானவர்களை முதலில் அணியிலிருந்து எடுங்கள். அதைத் தாங்கும் துணைகளை இணைப்பின் மூலம் (இரண்டு உருவங்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கும் முறை) உருவாக்குங்கள். நாயகன் அணியும் மாகதாமாவையும் (உடலுக்குள் செலுத்திக்கொண்டு திறன் பெறும் உயிர்) அதற்கேற்ப மாற்றுங்கள். எதிரியின் விலகும் திறனைக் குறைக்கும் ‘சுகுண்டா’வோ, உங்கள் அணியின் திறனை ஏற்றும் ‘சுகுகாஜா’வோ தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். முதல் சில சுற்றுகளில் அடிக்கவே வேண்டாம். அவன் ஏற்றியதை இறக்குங்கள். அவன் மறுபடி ஏற்றினால் மறுபடி இறக்குங்கள். அடி படத் தொடங்கிய பிறகு தாக்கினால் போதும்.

பிரஸ் டர்னைப் புகழும் விமர்சகர்கள் கண்டது இந்த அனுபவத்தைத்தான். தோற்ற பிறகு காரணம் தெரிகிறது, காரணம் தெரிந்தால் மாற்ற முடிகிறது. மட்டடோர் சண்டை கடினமானது, ஆனால் நியாயமானது என்பது என் தீர்ப்பு.

அதே தீர்ப்பைக் கேம் முழுவதற்கும் என்னால் தர முடியாது. நாயகன் விழுந்தால் மற்ற மூவர் உயிரோடு நின்றாலும் ஆட்டம் முடிந்துவிடும். ‘ஹமா’, ‘முடோ’ போன்ற உடனடி மரண மந்திரங்களில் ஒன்று, வழியில் எதிர்ப்படும் சாதாரண எதிரியிடமிருந்து வந்து நாயகன் மேல் பட்டால், கடைசியாகச் சேவ் செய்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ‘ஆங்க்’ என்ற மாகதாமா முதல் வகையையும் ‘அனாதிமா’ இரண்டாவதையும் தடுக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அணிய முடியும். எந்த வகை வரும் என்று முன்கூட்டித் தெரியாத புதிய இடத்தில் அது குருட்டு அதிர்ஷ்டம். இதை நியாயமற்றது என்று எழுதிய விமர்சகர்கள் மிகைப்படுத்தவில்லை. நாலடி நடப்பதற்குள் சண்டை குறுக்கிடுகிறது என்ற குறையும் உண்மை. புதுப்பித்த பதிப்பில் போதிய மெருகேற்றல் இல்லை, இசையின் ஒலித்தரம் மங்கலாக இருக்கிறது என்று எழுதியவர்களும் காரணத்தோடுதான் எழுதினார்கள்.

இனி எந்த விமர்சனத்தைப் படித்தாலும் அதில் மூன்று தகவல்களைத் தேடுங்கள். எழுதியவர் எந்தக் கடின அளவில் ஆடினார், எவ்வளவு தூரம் போனார், தோற்ற இடத்தில் ஏன் தோற்றார் என்று விளக்கினாரா? மூன்றாவது இல்லாத விமர்சனம், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், உங்களுக்கு உதவாது. அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தோற்றதும் “இதனால்தான் தோற்றேன்” என்று ஒரு வரி சொல்ல முடிந்தால், தொடர்ந்து ஆடலாம். சொல்ல முடியாமல் எரிச்சல் மட்டும் மிஞ்சினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சிதம்பரம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு தகவல். இந்தக் கேமில் சிவன், விஷ்ணு, காளி, விநாயகர் ஆகியோர் உலகின் பல மதங்களின் தேவதைகள், அசுரர்கள், தேவதூதர்களோடு ஒரே வரிசையில் வருகிறார்கள். பாலித் தீவு மரபின் ரங்டாவையும் பரோங்கையும் இணைத்தால் சிவன் கிடைப்பார் என்பது கேமின் விதி. ஏளனம் செய்யும் நோக்கம் எனக்குத் தென்படவில்லை. சிவனை மிக உயர்ந்த நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் கூத்தப்பெருமானை நாள்தோறும் கும்பிடும் வீட்டில் இது மனதை உறுத்தலாம். அந்தக் காரணத்துக்காக ஒருவர் இந்தக் கேமை வேண்டாம் என்றால், அதுவும் மதிக்க வேண்டிய விமர்சனமே. வாங்கும் முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நண்பர்கள் சில குறுக்குவழிகளைச் சொல்லக்கூடும். மணிக்கணக்கில் சின்னச் சின்ன எதிரிகளை அடித்து லெவல் ஏற்றுவது அவற்றில் முதலாவது. ஓரளவு உதவும், ஆனால் அணியின் பலவீனம் அப்படியே இருந்தால் கூடுதல் வாய்ப்பும் எதிரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். யாரோ ஒருவரின் அணியை வீடியோவில் பார்த்து அப்படியே நகலெடுத்தால் இந்தச் சண்டை முடியும், அடுத்ததில் மறுபடி நிற்பீர்கள். ‘கிராக்’ செய்த திருட்டுப் பிரதிகளைத் தொடவே தொடாதீர்கள். சம்பளக் கணக்குக்கான வங்கிச் செயலியைத் திறக்கும் அதே கணினியில் தீய நிரல் ஏறிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பியதும் பாஸ் (ஒரு கட்டத்தின் முதன்மை எதிரி) சண்டையில் உட்காராதீர்கள். தூக்கம் கெட்ட மூளை பழகிய வழியையே திரும்பத் திரும்பச் செய்யும். இந்தக் கேம் தண்டிப்பது அதைத்தான். முதலில் தூங்குங்கள். இரவு ஷிஃப்ட் வாரத்தில் துணைகளை இணைப்பது, புதிய துணைகளைப் பேசிச் சேர்ப்பது போன்ற வேலைகளை வைத்துக்கொண்டு, பாஸ் சண்டையை விடுமுறை நாளுக்குத் தள்ளுங்கள். பழைய பதிப்பில் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே சேவ் செய்ய முடியும். புதுப்பித்ததில் இடைநிறுத்தப் பதிவு இருக்கிறது. ஆலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டால் அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நகரவில்லை என்றால், புதுப்பித்த பதிப்பில் ‘மெர்சிஃபுல்’ என்ற எளிய நிலையை இலவசமாகவே தந்திருக்கிறார்கள். அதற்கு மாறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. அணியைச் சரிசெய்துவிட்டு மாறினால் விதியும் பிடிபடும். கோபத்தில் முதல் நாளே மாறினால் பிடிபடாது.

இன்னும் வாங்காதவர்களுக்கு: ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் மட்டடோர் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வருவதில்லை. ஆகவே அந்தச் சலுகையை நம்பி இந்தக் கேமின் கடினத்தை அளக்க முடியாது. பிரஸ் டர்ன் பிடித்திருக்கிறது, நேரம்தான் இல்லை என்பவர்கள், 2024 ஜூனில் வந்த ‘ஷின் மெகாமி டென்செய் 5: வெஞ்சன்ஸ்’ கேமிலிருந்து தொடங்கலாம். அதில் எங்கு வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றாலும் அந்த உழைப்பு வீணாகாது.